புக்கிட் மேராவில் ஒரு படகுக் கணக்கு

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், சிராங்கூன் சாலை நகைக்கடைகள், வாழையிலைச் சாப்பாடு. சாயங்காலம் பஸ் ஏறி ஜோகூர் பாரு வந்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். சிங்கப்பூர் ஒரு தீவு என்பதே மறந்துபோகும். கடலைப் பார்க்காமலேயே ஒரு தீவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்!

இந்தத் தடவை அப்படி விடமாட்டேன். என்னோடு கொஞ்சம் வாருங்கள். தேக்காவில் பசியாறிவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறத் தடத்து ரயிலில் ஏறுங்கள். டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க். ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். அதோடு தடம் முடிகிறது. வெளியே வந்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அங்கிருந்து மட்ட வட்டத் தடத்தில் ஒரே நிறுத்தம் போனால் தெலுக் பிளாங்கா. இந்தப் பகுதி எல்லாம் சேர்ந்ததுதான் புக்கிட் மேரா வட்டாரம்.

புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் சிவப்புக் குன்று. இதற்கு ஒரு பழங்கதை உண்டு. முன்னொரு காலத்தில் வாள்போல் மூக்குள்ள மீன்கள் கடலிலிருந்து துள்ளிவந்து கரையில் நின்றவர்களைக் குத்திக் கொன்றனவாம். ராஜா தன் வீரர்களை வரிசையாக நிறுத்தி அவர்கள் கால்களையே வேலியாக்கினான். வீரர்கள் செத்ததுதான் மிச்சம். அப்போது ஒரு சிறுவன், ஆட்களுக்குப் பதிலாக வாழை மரங்களை வெட்டி நிறுத்துங்கள் என்றான். அப்படியே செய்தார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்கு வாழையில் குத்திச் சிக்கிக்கொண்டது. ஊர் பிழைத்தது. ஆனால் இவ்வளவு புத்தியுள்ள பையன் வளர்ந்தால் ஆபத்து என்று ராஜாவின் காதில் ஓதினார்கள். பையனைக் கொன்றுவிட்டார்கள். அவன் ரத்தம் வழிந்துதான் குன்று சிவந்தது என்பார்கள். மண்ணைப் பார்த்தால் நம் தோட்டத்துச் செம்மண்தான். ஆனாலும் கதையைக் கேட்ட பிறகு அந்த மண்ணை வெறும் மண்ணாகப் பார்க்க முடிவதில்லை.

இங்கே அடுக்குமாடி வீடு ஒன்றில் என் அத்தை இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தையின் கணவர், என் மாமா, பழைய துறைமுக வாரியத்தில் மூட்டை தூக்கியவர். 1964-ல் வாரியம் போய்த் துறைமுக ஆணையம் வந்த பிறகும் அதே வேலை, அதே தோள். அவர் போய்விட்டார். மகன், அதாவது என் மச்சான், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மச்சானின் மகன் கப்பல் பட்டறையில் இயந்திரம் பழுது பார்க்கிறான். என்னை மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை.

அந்தப் பிள்ளைக்குத்தான் படகு வாங்கும் ஆசை வந்துவிட்டது!

"மாமா, நாலு பேர் சேர்ந்து வாங்குறோம். ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளி. செகண்ட் ஹேண்ட் படகு. ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்கப் போவோம்" என்றான்.

மச்சான் பேசவில்லை. மருமகனின் அம்மா சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். அந்தப் பத்தாயிரம் என்பது பையனின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் என்பது பிறகு தெரிந்தது. என்னை அழைத்ததே அதற்காகத்தான். தோட்டத்தில் கொஞ்ச காலம் கிராணி வேலை பார்த்தவன் நான். கணக்கென்றால் என் தலையில் கட்டிவிடுவார்கள்.

சரி, கணக்குப் போடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம்.

தெலுக் பிளாங்காவிலிருந்து கடற்பக்கம் நடந்தால் கெப்பல் தீவுக்குப் போகும் தொங்குபாலம் தெரியும். 2008-ல் திறந்தது. உயரமான தூணிலிருந்து கம்பிகள் விசிறிபோல் இறங்கி நிற்கும். பாலத்தைக் கடந்தால் படகுத்துறை. வெள்ளை வெளேரென்று வரிசையாகப் படகுகள். சில நம் லயத்து வீட்டைவிடப் பெரியவை! பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. பிள்ளைகளோடு போனால் பாலத்தில் நின்று பாருங்கள்.

இந்தத் தீவுக்குப் பழைய பெயர் பூலாவ் ஹந்து, பேய்த் தீவு. கெப்பல் துறைமுகத்துக்கும் முன்பு புதுத் துறைமுகம் என்றுதான் பெயர். ஹென்றி கெப்பல் என்ற வெள்ளைக்காரக் கடற்படைத் தளபதியின் பெயரை 1900-ல் வைத்தார்கள். வாசலில் நின்ற ஒரு பெரும்பாறையைக் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1848-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சீன மாலுமிகள் அதை வேதாளப் பாம்பின் பல் என்று சொல்லி அடையாளம் வைத்திருந்தார்கள். அதேபோல் ஒன்றைச் செய்து 2005-ல் லாப்ரடார் பூங்காப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். உடைப்பதற்கு ஒரு செலவு, திரும்பச் செய்து வைப்பதற்கு இன்னொரு செலவு!

இனி கணக்குக்கு வருவோம். முதலில் வரி.

1819-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது போட்ட அடித்தளமே வரியில்லாத் துறைமுகம் என்பதுதான். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. மது, புகையிலை, மோட்டார் வாகனம், எரிபொருள் ஆகிய நான்கு வகைக்குத்தான் அங்கே சுங்கத் தீர்வை. படகு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் வெளிநாட்டிலிருந்து உல்லாசப் படகு கொண்டுவந்தால் சுங்கத் தீர்வை ஒரு காசு கிடையாது.

நம் முன்னோருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருளுக்குச் சுங்கம் வாங்கிப் புலி முத்திரை குத்தினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. பிற்காலத்தில் குலோத்துங்க சோழன் சுங்கத்தை நீக்கியதால் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர் பெற்றான். வரி போட்ட ராஜாக்கள் எத்தனையோ பேர். பெயர் நின்றது தவிர்த்தவனுக்கு.

ஆனால் சுங்கம் இல்லை என்றதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். பொருள், சேவை வரி இருக்கிறது. 1994-ல் 3 விழுக்காட்டில் ஆரம்பித்தது. 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. படகின் விலைக்கு மட்டுமல்ல, கப்பலில் ஏற்றி வந்த கூலி, காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டி அந்த மொத்தத்தின் மேல் போடுவார்கள். ஒரு பேச்சுக்குப் படகு 34,000 வெள்ளி, ஏற்றுக்கூலி 5,000, காப்புறுதி 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40,000. வரி 3,600. ஆக 43,600 வெள்ளி.

"அவ்வளவுதானா?" என்று நான் கேட்டேன். மருமகன் சிரித்தான். "இதே நாற்பதாயிரத்துக்குக் கார் வாங்கிப் பாருங்க மாமா" என்றான்.

பார்த்தோம். சந்தை மதிப்பு 40,000 வெள்ளியுள்ள காருக்கு 20 விழுக்காடு தீர்வை, அதாவது 8,000. அந்த 48,000-க்கு 9 விழுக்காடு வரி 4,320. அதன்பின் கூடுதல் பதிவுக் கட்டணம் என்று ஒன்று. முதல் 20,000-க்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு. 20,000-மும் 28,000-மும் சேர்ந்து 48,000. ஆக காரின் விலையைவிடப் பதிவுக் கட்டணம் அதிகம்! கூட்டினால் 100,320 வெள்ளி. இன்னும் முடியவில்லை. கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-ல் வந்த ஏற்பாடு இது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. வெறும் காகிதத்துக்கு!

படகுக்கு இந்தச் சான்றிதழ் ஏலம் இல்லை. நிலம் குறைவு, சாலை குறைவு, ஆகையால் காருக்குக் கடிவாளம். அது புரிகிறது. நம் பக்கத்தில் 150 சிசிக்கு உட்பட்ட காப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு வருடத்துக்கு இரண்டு ரிங்கிட் சாலை வரி கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற நமக்கு அந்தக் கார்க் கணக்கு தலை சுற்றும்.

இரண்டாவது, பதிவு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மருமகனும் குழம்பியிருந்தான். உரிமம் வேறு, கொடிப் பதிவு வேறு.

சிங்கப்பூர்த் துறைமுக எல்லைக்குள் சுற்றுகிற உல்லாசப் படகுக்குக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். இந்த ஆணையம் 1996-ல் அமைந்தது. உரிமம் வாங்கினால் படகுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அதை வெளியே தெரியும்படி எழுத வேண்டும். மிதவைச் சட்டை, தீயணைப்புக் கருவி முதலிய பாதுகாப்புப் பொருள்கள் இருக்க வேண்டும். இயந்திரப் படகு எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கருவி ஒன்றும் பொருத்தியிருக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் மண்டோர் தலை எண்ணுவாரே, அதுமாதிரி கடலிலும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணாமல் விடவும் முடியாது. 2024-ல் மட்டும் அந்தத் துறைமுகத்தில் 4 கோடியே 11 லட்சம் கொள்கலன் அளவு சரக்கு ஏறி இறங்கியிருக்கிறது. மலை மலையாகக் கப்பல்கள் போகும் வழியில் நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்!

இந்த உரிமக் கட்டணம், காருக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

ஓட்டுகிறவருக்கும் உரிமம் வேண்டும். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. மருமகன் இரண்டிலும் தேறிவிட்டான். அந்த அட்டையை அவன் அப்பாவிடம்கூடக் காட்டாமல் என்னிடம் காட்டினான். துடுப்புப் போடுகிற சிறு படகுக்கு இந்த அட்டை தேவையில்லை.

கொடிப் பதிவு என்பது கப்பல் பதிவேட்டில் பெயர் எழுதிச் சிங்கப்பூர்க் கொடியைப் பறக்கவிடுவது. நாட்டுக்கு நாடு கடல் கடந்து போகிறவர்களுக்கு இது வேண்டியிருக்கும். குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதி உள்ளவர்கள், அங்கே பதிவான நிறுவனங்கள்தான் பதியலாம். இதற்கு நீண்ட காலம் நடைமுறையில் இருந்த விகிதம், டன்னுக்கு 2 வெள்ளி 50 காசு பதிவுக் கட்டணம், ஆண்டுக்கு டன்னுக்கு 20 காசு வரி. கேட்டவுடன் மலிவு என்றுதானே தோன்றுகிறது? மருமகனும் தன் படகு பத்து டன்கூட வராது, 25 வெள்ளியில் முடிந்துவிடும் என்று எழுதி வைத்திருந்தான்.

அதில் ஒரு கொக்கி இருந்தது. குறைந்தபட்சம் 500 டன்னாகக் கணக்கிடுவார்கள். ஆக எவ்வளவு சின்னப் படகானாலும் பதிவுக்கு 1,250 வெள்ளி, ஆண்டு வரி 100 வெள்ளி. பெரிய கப்பலுக்கோ உச்சவரம்பு உண்டு. பதிவுக்கு 50,000 வெள்ளிக்கு மேல் போகாது. சின்னவனுக்கு அடிவரம்பு, பெரியவனுக்கு மேல்வரம்பு. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த டன் எடை அல்ல. கொள்ளளவு. பழைய காலத்து இங்கிலாந்தில் கப்பலில் எத்தனை திராட்சை ரசப் பீப்பாய் ஏற்றலாம் என்று எண்ணி வரி போட்டார்கள். அந்தப் பீப்பாயின் பெயர் டன். பிறகு நூறு கன அடி இடத்தை ஒரு டன் என்று வைத்தார்கள். இன்று வேறு சூத்திரம் இருந்தாலும் அளப்பது உள்ளிடத்தைத்தான். படகைத் தராசில் நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்!

அடுத்து வாடகைக்கு விடுவது. நாலு பேரில் ஒருவனுக்கு ஒரு யோசனை. மற்ற நாள்களில் படகை வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்றான். சொந்தப் பயனுக்கு வாங்கிய உரிமத்தில் அது முடியாது. வாடகைப் படகுக்கு வேறு வகை உரிமம், வேறு நிபந்தனைகள். தெரியாமல் காசு வாங்கிக்கொண்டு நாலு பேரை ஏற்றி, ஒரு விபத்தும் நடந்துவிட்டால்? காப்புறுதியும் கை கொடுக்காது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

பழைய படகு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உரிமம் விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா? பெயர் மாற்றம் முறையாக நடக்குமா? வெளிநாட்டுப் படகாக இருந்து தற்காலிகமாக வந்து நின்றதா? அப்படியானால் முன்பு கட்டாத பொருள், சேவை வரி வாங்குகிறவர் தலையில் விழும். தனி ஆளிடமிருந்து, ஏற்கெனவே வரி கட்டிய படகை வாங்கினால் அந்த வரி மறுபடி இல்லை. மருமகன் பார்த்து வைத்திருந்த படகு இந்த வகை. அதனால் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

பிறகு என்ன தடை என்று கேட்பீர்கள். தடை கடலில் இல்லை, கரையில் இருந்தது.

படகை எங்கே நிறுத்துவது? வீட்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்திலா? படகுத்துறையில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். படகின் நீளத்துக்கு ஏற்ப மாதக் கட்டணம். மழை பெய்தாலும், வெயில் அடித்தாலும், நீங்கள் படகை ஒரு மாதம் தொடாமலே இருந்தாலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் பார்த்து வைத்த படகுக்கு விசாரித்தோம். ஒரு வருட நிறுத்தக் கட்டணமே மருமகனுடைய பங்குப் பணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரையில் தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கிற இடங்கள் கொஞ்சம் மலிவு. ஆனால் ஒவ்வொரு தடவையும் இறக்கி ஏற்ற வேண்டும்.

கடல் தண்ணீர் சும்மா இருக்காது. அடிப்பாகத்தில் சிப்பிபோல் ஒட்டிக்கொண்டு வளரும் உயிரினங்கள் உண்டு. அவை பிடித்துவிட்டால் படகு ஓடாது, எண்ணெயைக் குடிக்கும். அடிக்கடி மேலே தூக்கிச் சுரண்டி, அவை ஒட்டாத சாயம் பூச வேண்டும். இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றம், துருப்பிடிக்கும் பகுதிகள், மின்கலம். மூன்றாம் ஆளுக்குச் சேதம் விளைந்தால் ஈடுகட்டக் காப்புறுதி. படகு மூழ்கினால் அதைத் தூக்கி அப்புறப்படுத்தும் செலவுக்கும் சேர்த்துக் காப்புறுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூழ்கின படகுக்கும் செலவு செய்ய வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் மச்சான் முதல் தடவையாக வாயைத் திறந்து சிரித்தார்.

இதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினோம். எழுத எழுத மருமகன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டு ஆசையைக் கொல்வது என்பது சந்தோஷமான வேலை அல்ல.

"பணக்காரர்களுக்குத்தான் படகு. அவர்களிடம் இன்னும் அதிகமாக வரி வாங்க வேண்டியதுதானே?" என்று மருமகனின் அம்மா கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் அப்படித்தான் செய்து பார்த்தார்கள். 1991 ஜனவரியிலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளுக்கு, அந்த மேல்தொகையில் 10 விழுக்காடு ஆடம்பர வரி போட்டார்கள். பணக்காரர்கள் என்ன செய்தார்கள்? வாங்குவதை நிறுத்தினார்கள், அல்லது பழைய படகோடு இருந்துகொண்டார்கள். பொருளாதாரமும் அப்போது மந்தமாக இருந்தது. படகு கட்டும் பட்டறைகளில் தச்சரும் சாயம் பூசுகிறவரும் வேலை இழந்தார்கள். 1993-ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆடம்பரம் ஒருவருடையது, அடி இன்னொருவருக்கு.

இந்தியாவில் வேறு வழி. அங்கே மீன்பிடிப் படகுக்கு 5 விழுக்காடு, உல்லாசப் படகுக்கு 28 விழுக்காடு என்று பிரித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு 40 விழுக்காடாக ஏற்றினார்கள். வயிற்றுக்காகக் கடலில் போகிறவனையும் விளையாட்டுக்குப் போகிறவனையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கப்பல் பட்டறையில் வேலை செய்கிற என் மருமகன் வேறு மாதிரி சொன்னான்.

படகு என்றால் நம்மவர்களுக்கு எட்டாத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுத் தொழில் முதலில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் கையில்தான் பெரும்பாலும் இருந்தது. கப்பலிலிருந்து மூட்டைகளை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பின்னால் அது சீனர் கைக்குப் போனது. 1983-ல் ஆற்றைச் சுத்தம் செய்ய மிச்சமிருந்த படகுகளையும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நம்மவர் ஓட்டிய படகு பிழைப்புக்கு. உல்லாசத்துக்கு என்று ஒரு படகை எண்ணிப் பார்க்கிற முதல் தலைமுறை என் மருமகனுடையதுதான். எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரையாவது.

இத்தனை நேரமும் அத்தை மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கணக்கு முடிந்ததும் கேட்டார்.

"படகு எடுத்துக்கிட்டு எங்கேடா போவீங்க?"

"செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் பாட்டி. அங்கேதான் எல்லாரும் போவாங்க. தண்ணி நல்லா இருக்கும்."

அத்தை உலக்கையைக் கீழே வைத்தார். "அந்தத் தீவுக்கா காசு கொடுத்துப் போறே?" என்றார்.

விஷயம் இதுதான். 1951-ல், எட்டு வயதில், என் பாட்டியோடு நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி வந்தவர் அத்தை. தாத்தாவும் என் அப்பாவும் முன்பே வந்து குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். மேல்தட்டில் பாய் விரித்து வந்த பயணிகளை நேரே ஊருக்குள் விடவில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கினார்கள். 1874-லிருந்து அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, துணிமணிகளை ஆவியில் போட்டு எடுத்துக் கொடுத்தார்கள். பினாங்கு வழியாக வந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜெரெஜாக் தீவு. கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். என் அத்தை எழுபது வருடத்தில் அன்றுதான் சொன்னார்.

"மருந்துத் தண்ணி கண்ணுல பட்டு எரிஞ்சுது. எங்க அம்மா அழுதுச்சு. எதிரே ஊரு தெரியுது. போகத்தான் விடமாட்டேங்கிறான்."

இதைக் கேட்ட பிறகு மருமகன் நோட்டை மூடி வைத்துவிட்டான்.

படகு வாங்குவதை அப்போதைக்கு நிறுத்திவிட்டார்கள். நாலு பேரில் ஒருவனுக்குக் குழந்தை பிறக்க இருந்தது, அவன் முதலில் கழன்றுகொண்டான். மற்றவர்கள், ஆணையத்தின் உரிமம் உள்ள வாடகைப் படகைச் சில மணி நேரத்துக்கு எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். இன்னொரு காரணத்தையும் மருமகன் சொன்னான். 2030-லிருந்து துறைமுக நீரில் புதிதாக ஓடவரும் துறைமுகப் படகுகள் மின்சாரத்திலோ, முழுத் தாவர எரிபொருளிலோ, கரிமப் புகை இல்லாத எரிபொருளிலோ ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஆணையம் 2023-ல் அறிவித்திருக்கிறது. இப்போது பழைய டீசல் இயந்திரத்தை வாங்கிவைத்து என்ன செய்வது என்றான். இது அவன் மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொன்ன காரணமாகவும் இருக்கலாம்.

போன பள்ளி விடுமுறையில் நான் மறுபடி போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைப் படகில் எங்களையும் ஏற்றிக்கொண்டான். அத்தை வரமாட்டார் என்று நினைத்தோம். புளிச்சோறும் சம்பல் கருவாடும் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் செருப்புப் போட்டு நின்றார். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டபோது, "இது என்ன குதிரைக்குச் சேணம் கட்டுற மாதிரி" என்று முனகினார்.

பக்கத்தில் பெரிய கொள்கலன் கப்பல் போனபோது எழுந்த அலையில் படகு ஆடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அத்தை அசையவில்லை. பக்கத்தில் எழுதியிருந்த படகின் எண்ணை எட்டிப் பார்த்து, "இதுக்கும் பேரேட்டுல பதிஞ்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். பதிந்தாயிற்று என்றான் பேரன்.

தீவுக்குப் பக்கத்தில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்திருந்தது. கரையில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இறங்கலாமா பாட்டி என்று மருமகன் கேட்டான். அத்தை கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தார்.

"நான் இறங்கலே. நீங்க போயிட்டு வாங்க" என்றார். பிறகு படகின் விளிம்பில் சாய்ந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, அங்கிருந்து தெரிந்த ஊர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் போவதானால் படகு வாங்க வேண்டாம். மரீனா சவுத் துறையிலிருந்து பயணப் படகு போகிறது, ஆளுக்கு ஒரு சீட்டுதான் செலவு. தீவில் கடைகளை நம்ப முடியாது. தண்ணீரும் சோறும் கையோடு கொண்டு போங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.